பழைய ரேடியோப் பெட்டியைக் கொன்னுட்டேனாம்!

ஆபீஸ்ல ஆணி அதிகம், ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. இன்னிக்கு வந்தது வயித்தெரிச்சலைக் கொட்ட. நடுநடுவுல டெக்னிகல் மேட்டர் வரும். பிடிக்காதவங்க அந்தப் பத்தியை மட்டும் தாண்டிக் குதிச்சுடுங்க. ஆனா கடைசி வரைக்கும் வாங்க, இந்தப் பஞ்சாயத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு.

போன சனிக்கிழமை காலையில, இங்க கலிபோர்னியாவுல நாங்க மாடல் ஏரோப்ளேன் விடற மைதானம். என் கையில 1970கள்ல செஞ்ச ஒரு கிராஃப்ட் ட்ரான்ஸ்மிட்டர். ஒத்தைக் குச்சி மாடல். அதாவது ஏத்தி இறக்கறது, சாய்க்கறது ரெண்டும் ஒரே குச்சியில. அந்தக் குச்சியோட தலையில இருக்கற குமிழைத் திருகினா வால் சுக்கான் திரும்பும். பெட்டியைக் குழந்தை மாதிரி இடது கையில அணைச்சுப் பிடிச்சுக்கணும்.

பக்கத்துல ஒரு பெரிய மனுஷர் வந்தார். கிராஃப்டைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. எத்தனை வருஷமாச்சு இதைப் பார்த்துன்னு வாங்கித் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கவனிச்சார், மேல ஒரு மீட்டர் நீளத்துக்கு இருக்க வேண்டிய ஏரியல் இல்லை. அந்த ஓட்டையில சுண்டு விரல் நீளத்துக்குக் கறுப்பா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. எங்கேன்னு கேட்டார். நானும் பெருமையா பின்மூடியைத் திறந்து காட்டினேன். பழைய ரேடியோ போர்டு இருந்த இடத்துல தீப்பெட்டி அளவுல ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல்.

அவ்வளவுதான். முகம் சுண்டிப் போச்சு. "இதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை தம்பி, கொலை"ங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டார்.

கொலையாம்! எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. அதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்

இந்தப் பெட்டி எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் இதோட மதிப்பு புரியும். 1937ல் அமெரிக்காவுல வால்ட்டர் குட், வில்லியம் குட்னு ரெட்டைப் பிள்ளைங்க ரேடியோவால் ஓடற ஒரு மாடல் ப்ளேனைப் பறக்க விட்டாங்க. அதோட பேரு 'பிக் கஃப்'. இன்னிக்கு அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு ஒரே ஒரு பட்டன்தான். அமுக்கினா சுக்கான் முழுசா ஒரு பக்கம், விட்டா நடுவுக்கு, திரும்ப அமுக்கினா மறுபக்கம். சுக்கானைத் திருப்பற சக்தி, முறுக்கி விட்ட ரப்பர் பேண்டுலேருந்து. கொஞ்சமா திருப்புங்கற பேச்சே கிடையாது. முழுசா, இல்லைன்னா ஒண்ணுமே இல்லை.

1960கள்ல தான் இந்தக் கதை மாறிச்சு. டக் ஸ்ப்ரெங், டான் மாதெஸ்னு ரெண்டு பேர் 'டிஜிகான்'னு ஒரு செட் கொண்டு வந்தாங்க. குச்சியை எவ்வளவு நகர்த்தறியோ அவ்வளவு மட்டும் சுக்கான் நகரும். இன்னிக்கு இது சாதாரணமாத் தெரியும். அன்னிக்கு இது மந்திரம். இதே வழியில வந்தவர்தான் ஃபில் கிராஃப்ட். கலிபோர்னியாவுல விஸ்டாங்கற ஊர்ல கம்பெனி நடத்தினார். ஆள் சும்மா வியாபாரி இல்லை. 1967ல் கோர்சிகாத் தீவுல நடந்த ரேடியோ விமான சாகசத்துக்கான உலகப் போட்டியில அவரே பறக்க விட்டு ஜெயிச்சவர். ஓட்டத் தெரிஞ்சவன் செஞ்ச குச்சி எப்படி இருக்கும்? வெண்ணெய் மாதிரி இருக்கும். அம்பது வருஷம் கழிச்சும் இந்தக் குச்சியில ஆட்டம் கிடையாது.

எனக்கு இந்தப் பெட்டியைக் கொடுத்தவர் எங்க கிளப்புல இருந்த ஒரு பெரியவர். எனக்குப் பறக்க விடக் கத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவங்க வீட்டம்மா கராஜைக் காலி பண்ணறப்ப என்னைக் கூப்பிட்டு இதைக் கையில கொடுத்தாங்க. "இதை எடுத்துட்டுப் போய் ஷெல்ஃபுல வைக்காதே"ன்னாங்க. அது மட்டும்தான் அவங்க போட்ட கண்டிஷன்.

72ல் என்ன ஆச்சு?

அப்படின்னா அப்படியே ரிப்பேர் பண்ணி ஓட்ட வேண்டியதுதானே, எதுக்கு உள்ள கை வைக்கறேன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி.

அன்னிக்கு அமெரிக்காவுல மாடல் விமானங்களுக்கு 72 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் அலைவரிசை. 72.08, 72.16, 72.24னு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 80 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. நீ எந்த அலைவரிசைன்னு ஊருக்குத் தெரிய ஏரியல்ல கலர் ரிப்பன் கட்டணும். கூட்டம் பெருகினதும் இது பத்தலை. 72.01லேருந்து 72.99 வரைக்கும் 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில 50 சேனல்னு ஆக்கினாங்க. 1991ல் அது முழுசா நடைமுறைக்கு வந்துச்சு. முன்னாடி ஒருத்தன் காலை நீட்டிப் படுத்த இடத்துல இப்ப நாலு பேர் ஒருக்களிச்சுப் படுக்கணும்னு வெச்சுக்கங்க. பழைய ட்ரான்ஸ்மிட்டருக்கு ஒருக்களிச்சுப் படுக்கத் தெரியாது. பக்கத்து சேனல்ல இருக்கறவன் மேல காலைப் போடும். காலைப் போட்டா அவன் ப்ளேன் விழும்.

என் பெட்டியோட பின்மூடிக்கு உள்பக்கம் பெரியவர் பென்சில்ல எழுதி வெச்சிருக்கார், பேட்டரி எந்த வருஷம் மாத்தினோம், என்ன பார்ட் மாத்தினோம்னு. 1976, 1981, 1986, 1990. அதோட நிக்குது. அப்புறம் ஒரு எழுத்து இல்லை. ஏன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்த அன்னிக்குத்தான் நான் முடிவு பண்ணினேன். இந்தப் பெட்டி செத்தது என் கையால இல்லை. அது 1991லேயே மூச்சு நின்னு போச்சு. கொலைகாரன்னு என்னைச் சொல்றவர், பிணத்துக்குக் காவல் இருக்கார்.

இன்னொண்ணும் கவனிங்க. பெரியவர் பதினாலு வருஷத்துல நாலு தடவை பேட்டரி மாத்தியிருக்கார். ஒரு தடவை க்ரிஸ்டல். ரெண்டு கெப்பாசிட்டர். உள்ள அவர் போட்ட சால்டரிங் தனியாத் தெரியுது. 'அசல்'னு இவங்க கும்பிடறது எந்த அசல்? வெச்சிருந்தவருக்கே அதுல புனிதம் ஒண்ணும் இல்லை. அவருக்கு அது பறக்கணும், அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு?

சில வருஷம் முன்னாடி வேற ஒரு மைதானத்துல ஒருத்தர் ஒரு பழைய செட்டை அப்படியே தூசி தட்டி எடுத்துட்டு வந்தார். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், குத்தம் கம்பெனி மேல இல்லை. எல்லாம் அசல், பேட்டரி வயர் உட்பட. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி கசிஞ்சா அந்தக் காரம் வயருக்குள்ள ஏறி செம்பைக் கறுப்பாக்கிடும். வெளியில உறை பளபளன்னு இருக்கும், உள்ள கரி. மேல போன ப்ளேன் ரெண்டு நிமிஷம் ஒழுங்கா பறந்துச்சு. அப்புறம் சிக்னல் போச்சு. அந்தக் காலத்து ரிசீவருக்கு சிக்னல் போனா என்ன பண்ணணும்னு தெரியாது. சர்வோ கண்டபடி நடுங்கும், இன்ஜின் அது பாட்டுக்கு ஓடும். கிட்டத்தட்ட மூணு கிலோ எடை, முழு வேகத்துல, கார் நிறுத்தற இடத்துல வந்து குத்திச்சு. பத்தடி தூரத்துல ஒரு ஸ்ட்ரோலர் இருந்தது. குழந்தை அம்மா தோள்ல இருந்தது.

அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அசல், அசல்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு அந்த ஸ்ட்ரோலர்தான் ஞாபகத்துக்கு வருது.

இன்னிக்கு 2.4ல் ட்ரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் முதல்லயே ஜோடி சேர்ந்துக்கும். ஒவ்வொரு ட்ரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண். பக்கத்துல இருபது பேர் ஆன் பண்ணினாலும் என் ரிசீவர் என் பேச்சை மட்டும்தான் கேக்கும். சிக்னல் போச்சுன்னா த்ராட்டிலை மூடுன்னு முன்கூட்டியே சொல்லி வெக்கலாம். இதையெல்லாம் வேண்டாம்னு சொல்றதுக்குப் பேரு பாரம்பரியமா?

உள்ள என்னதான் பண்ணினேன்?

டெக்னிகல் பகுதி. சுருக்கமா சொல்றேன்.

பழைய ட்ரான்ஸ்மிட்டர்ல ரெண்டு வேலை நடக்குது. முதல் வேலை, குச்சி எங்க இருக்குன்னு அளந்து அதைத் துடிப்பா மாத்தறது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு துடிப்பு. குச்சி ஒரு கோடியில இருந்தா சுமார் 1 மில்லிசெகண்ட், நடுவுல 1.5, மறுகோடியில 2. எல்லாச் சேனலும் வரிசையா போனதும் ஒரு நீள இடைவெளி. அடுத்த வரிசை ஆரம்பம்னு அதுக்கு அர்த்தம். செகண்டுக்குச் சுமார் 50 வரிசை. ரெண்டாவது வேலை, இந்தத் துடிப்பை 72 மெகாஹெர்ட்ஸ் அலையில ஏத்தி அனுப்பறது.

இப்ப அதிசயத்தைக் கேளுங்க. முதல் வேலை இன்னும் காலாவதி ஆகலை! பிபிஎம்னு இன்னிக்கும் ட்ரெய்னர் வயர்ல ஓடறது இதே துடிப்பு வரிசைதான். பிபிஎம் வாங்கற 2.4 மாட்யூல்கள் இருக்கு. ஆக, குச்சி அப்படியே, கிராஃப்ட் கம்பெனி செஞ்ச என்கோடர் போர்டு அப்படியே. ரேடியோ போர்டை மட்டும் ஸ்க்ரூ கழட்டி வெளிய எடுத்தேன். என்கோடர்லேருந்து அதுக்குப் போன வயரை மாட்யூலுக்குக் கொடுத்தேன். வோல்டேஜ் ஜாஸ்தியா இருந்ததால நடுவுல ரெண்டு ரெசிஸ்டர். துடிப்பு தலைகீழா இருந்ததால ஒரு ட்ரான்சிஸ்டர். சேனல் வரிசை மாறி வந்துச்சு. அதுக்கு ப்ரோக்ராம் எல்லாம் வேண்டாம், ரிசீவர்ல சர்வோவை இடம் மாத்திச் சொருகினா முடிஞ்சது.

என்கோடரே செத்துப் போன பெட்டின்னா ஒரு ஆர்டுயினோ போதும். குச்சியோட வோல்டேஜை 1024 படியா அளந்து அதே துடிப்பைத் தயார் பண்ணிக் கொடுக்கும். குச்சி அந்த பாட்டை முழுசா சுத்தாதுங்கறதால கிடைக்கறது அதுல ஒரு பங்கு படிதான், ஆனாலும் பறக்க தாராளம். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மாதிரி புது மாட்யூல்களுக்குப் பிபிஎம் ஒத்து வராது, சீரியல் டேட்டாதான் வேணும்; அங்கேயும் நடுவுல ஆர்டுயினோ உக்காரணும்.

ஆன்டெனாதான் கொஞ்சம் படுத்திச்சு. 72ல் கால் அலை நீளம் ஒரு மீட்டர், 2.4ல் அது 31 மில்லிமீட்டர். உலோகப் பெட்டிக்குள்ள வெச்சா சிக்னல் வெளிய வராது. பெட்டியில புது ஓட்டை போட மனசு வரலை. பழைய ஏரியல் ஓட்டையிலயே ஒரு நைலான் புஷ்ஷைச் செருகி அது வழியா வெளிய கொண்டு வந்தேன். பேட்டரி, 8 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். பழைய மாதிரியே 9.6 வோல்ட். முகப்புல இருந்த முள் மீட்டர் இப்ப பேட்டரி வோல்டேஜைக் காட்டுது.

மொத்தத்துல வெட்டின வயர் பூஜ்யம், போட்ட ஓட்டை பூஜ்யம். கழட்டின போர்டு, க்ரிஸ்டல், ஏரியல் எல்லாம் ஒரு டப்பாவுல, பேர் எழுதி ஒட்டி, பத்திரமா இருக்கு. நாளைக்கே ஒருத்தர் இதைப் பழையபடி ஆக்கணும்னு நினைச்சா அரை மணி நேரம். கொலை பண்ணினவன் யாராவது உயிரை டப்பாவுல எடுத்து வெப்பானா?

அந்தக் கட்சிக்காரங்களுக்கும் சேர்த்து

"இருக்கற விலையில புது ரேடியோ வாங்கினா பதினாறு சேனல் வருமே, இதென்ன வேண்டாத வேலை"ன்னு இன்னொரு கோஷ்டி இருக்கு. வரும்தான். நானும் ஒண்ணு வெச்சிருக்கேன். ஆனா ஒத்தைக் குச்சிப் பெட்டி கடையில போய்க் கேட்டா எடுத்துக் கொடுப்பாங்களா? முப்பது வருஷம் அதுலயே ஓட்டினவங்க கைக்கு ரெட்டைக் குச்சி வராது. எங்க கிளப்புல ஒரு தாத்தா, ரெட்டைக் குச்சிக்குக் கை பழகலைன்னு ப்ளேன் விடறதையே நிறுத்திட்டார். என் பெட்டியைக் கொடுத்தேன். அஞ்சாவது நிமிஷம் உருண்டை அடிச்சுக் காட்டினார். பதினாறு சேனல் அவருக்கு எதுக்கு? அவருக்கு வேணுங்கறது நாலு.

சரி, இப்ப என் பக்கத்து அழுக்கையும் சொல்லிடறேன். அந்தப் பெரிய மனுஷர் கோபத்துல முழுக்க நியாயம் இல்லாம இல்லை. நான் முதல் முதல்ல மாத்தின பெட்டி இது இல்லை. அது வேற ஒண்ணு. அப்ப எனக்கு அவசரம். வயரைக் கட்டரால நறுக்கினேன். ஸ்விட்சுக்கு இடம் வேணும்னு முகப்புல ட்ரில் போட்டேன். என்கோடர் போர்டைக் குப்பையில போட்டேன். ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுது, அந்த போர்டு தேடி ஒருத்தர் அலையறார்னு. அவர்கிட்ட அதே மாடல் செட், அதுல அந்த ஒரு போர்டு மட்டும் அவுட். என்கிட்ட கேட்டார். குப்பையில போட்டுட்டேன்னு சொல்ல நாக்கு வரலை, இல்லைன்னு மட்டும் சொன்னேன். அது கொலைதான். அதுக்கு என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன்.

ஆக சண்டை, மாத்தலாமா கூடாதாங்கறதுல இல்லை மக்களே. எப்படி மாத்தறதுங்கறதுல. கண்ணாடிப் பெட்டிக்காரர் எதையும் தொட விட மாட்டார், பொருள் தூங்கித் தூங்கியே சாகும். ட்ரில் மெஷின்காரன் எல்லாத்தையும் குடைவான், பொருள் ஒரே நாள்ல சாகும். ரெண்டு பேர் கையிலயும் சாவுதான்.

இது உங்களுக்கும்தான்

இதுல எங்களுக்கென்ன பங்குன்னு கேக்கறீங்களா? தமிழ்ல கம்ப்யூட்டர்ல எழுத ஆரம்பிச்ச காலத்தை நினைச்சுப் பாருங்க. டிஸ்கி, டாப், பாமினின்னு ஆளுக்கொரு எழுத்துரு. உங்க எழுத்துரு என்கிட்ட இல்லைன்னா உங்க கவிதை எனக்கு வெறும் பூச்சி பூச்சியாத் தெரியும். அப்புறம் யுனிகோடு வந்துச்சு. எத்தனை பேர் ராத்திரி ராத்திரியா உக்காந்து பழசையெல்லாம் மாத்தினாங்க! அப்ப யாராவது வந்து, "ஐயோ, அசல் டிஸ்கியைக் கொன்னுட்டியே"ன்னு அழுதாங்களா? மாத்தினதெல்லாம் இன்னிக்கும் படிக்கக் கிடைக்குது. மாத்தாம விட்டதுல எத்தனையோ காணாமப் போச்சு. அதே நேரத்துல, மாத்தறேன்னு ஒத்தும் கொம்பும் இடம் மாறிப் போய் மூலக் கோப்பையும் அழிச்சுட்டு நின்னவங்களும் உண்டு. அவங்கதான் என் முதல் பெட்டி.

அதனால நான் இப்ப வெச்சிருக்கற சட்டம் இதுதான்:

1. அபூர்வமானதைத் தொடாதே. டிஜிகான் மாதிரி முதல் தலைமுறை செட் கிடைச்சா மரியாதையா அருங்காட்சியகத்துக்குக் கொடு. லட்சக்கணக்குல செஞ்சது வேற, கைவிரல்ல எண்ணற அளவுக்கு மிச்சம் இருக்கறது வேற.

2. இங்க ஹாம் லைசென்ஸ் உள்ளவங்களுக்கு 50, 53 மெகாஹெர்ட்ஸ்ல இன்னும் இடம் உண்டு. நல்லா ஓடற 53 செட்டும் லைசென்ஸும் இருந்தா மாத்தாதே, அப்படியே ஓட்டு.

3. வெட்டாதே, ட்ரில் போடாதே. இருக்கற ஓட்டை, இருக்கற ஸ்க்ரூ.

4. கழட்டினதைத் தூக்கி எறியாதே. உனக்குக் குப்பை, இன்னொருத்தனுக்கு உயிர்.

5. அனுமதி வாங்கின மாட்யூலை அதோட சொந்த ஆன்டெனாவோட பயன்படுத்து. முதல் பறத்தலுக்கு முன்னாடி ரேஞ்ச் டெஸ்ட் பண்ணு. அப்புறம் ப்ரொப்பெல்லரைக் கழட்டி வெச்சுட்டு ட்ரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி, த்ராட்டில் மூடுதான்னு கண்ணால பாரு.

6. பின்மூடியில தேதி போட்டு எழுதி வை. பின்னால வர்றவனுக்கு நீ என்ன பண்ணினேன்னு தெரியணும்.

ஆறாவதை நானும் பண்ணிட்டேன். 1990க்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டு, பென்சில்லயே, 2.4 மாட்யூல், பேட்டரி 8 செல்னு வருஷம் போட்டு எழுதியிருக்கேன். முப்பது வருஷத்துக்கு மேல நின்னு போன பட்டியல்ல அடுத்த வரி.

போன வாரம் அந்த வீட்டம்மாவை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். குச்சித் தலையில அந்தக் குமிழ் இருக்கே, அதுல பெரியவரோட விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்கும். அதை மட்டும் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்துட்டு என்கிட்ட திருப்பிக் கொடுத்தாங்க. "விடு, பார்க்கலாம்"னாங்க. விட்டேன். இறங்கற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

கொலைன்னு சொன்ன அந்தப் பெரிய மனுஷர் அடுத்த சனிக்கிழமை வருவார். டப்பாவையும் எடுத்துட்டுப் போய்க் காட்டப் போறேன். அதுக்கப்புறமும் திட்டினா திட்டட்டும்.

உங்க வீட்டுப் பரண்ல என்ன தூங்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. வர்ட்டா?

பி.கு: "நீயெல்லாம் இன்னும் பொம்மை ப்ளேன் விடறியா"ன்னு கேக்கப் போற அனானி அன்பர்களுக்கு: ஆமா, விடறேன். நீங்களும் ஒரு நாள் வாங்க, குச்சியைக் கையில கொடுக்கறேன். அப்புறம் பேசுவோம் :-)